ஐம்பதிலும் வளையும்!

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று கேட்காத தமிழ்த் தந்தை இல்லை. என் தந்தையும் பலமுறை கேட்டிருக்கிறார். ஆனால் அவர் கேட்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஏனெனில், காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை அவர் பார்க்கும் வேலையே, வளையமாட்டேன் என்று முரண்டு பிடிக்கும் எஃகை வளைப்பதுதான். எஃகுக்கு ஐந்து என்ன, ஐம்பது என்ன! முறையறிந்து வளைத்தால் எந்த வயதிலும் வளையும். முறை தவறினால் வளைந்தாலும் ஒழுங்காக நில்லாது.

என் தந்தை சேலத்துக்காரர். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் பிழைப்பு நாடிப் புனேக்கு வந்தவர். போசரித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ‘ரோல் பார்மிங்’ எந்திரத்தின் செட்டராக இருக்கிறார். நான் இங்கேயே பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் மராட்டியும் வகுப்பில் ஆங்கிலமுமாக வளர்ந்து, இப்போது முதுகலையில் பௌதிகம் பயில்கிறேன்.

சென்ற மாதம் நம் சங்கத்தின் மலர்க்குழு கூடியபோது, “அந்த எந்திரத்தைப் பற்றி எழுதட்டுமா?” என்று கேட்டேன். நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். “தமிழ் மலரில் தகரத்துக்கு என்னப்பா வேலை?” என்றார். சிரித்த நண்பர்மேல் எனக்குச் சினமில்லை. அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடைதான் இக்கட்டுரை.

நண்பர்களே, நாம் கூட்டம் நடத்தும் அறையை விட்டு வெளியே வந்து சுற்றிலும் பாருங்கள். தேநீர்க் கடைக்காரர் இரவில் கடகடவென்று இறக்கும் ஷட்டரின் பட்டைகள், சைக்கிள் கொட்டகையின் நெளிதகடு, அதைத் தாங்கும் ‘சி’ வடிவச் சட்டம், மலைப்பாதை வளைவில் வண்டிகள் பள்ளத்தில் விழாமல் காக்கும் அலை வடிவ இரும்பு வேலி, மொட்டை மாடியில் சூரியத் தகடுகளைத் தாங்கும் கால்கள், இவற்றிற் பெரும்பாலானவை இந்த எந்திரத்தில் பிறந்தவையே. நாள்தோறும் இவற்றின் நிழலில் நிற்கிறோம்; இவை எப்படி ஆயின என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பார்ப்பதற்கு அந்த எந்திரம் எளியதுதான். ஒரு நீண்ட இரும்பு மேடை. அதன்மேல் வரிசையாகப் பத்தோ பதினைந்தோ இருபதோ ஸ்டாண்டுகள். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு உருளைகள். ஒரு முனையில் பாய் சுருட்டியதுபோல் எஃகுச் சுருள் நிற்கும். அதிலிருந்து பிரியும் தகடு முதலில் நிமிர்த்தும் உருளைகளிற் புகுந்து நெளிவு நீங்கும். பின்னர் ஒவ்வொரு ஜோடி உருளையாகக் கடந்து செல்லும். முதல் ஜோடி, தகட்டின் ஓரத்தைத் தொட்டும் தொடாததுபோல் சிறிதே தூக்கும். அடுத்தது இன்னும் சிறிது. அதற்கடுத்தது இன்னும் சிறிது. கடைசி ஜோடியைத் தாண்டி வெளியே வரும்போது, தட்டையாய்ப் புகுந்த தகடு முழு வடிவம் பெற்றிருக்கும். வேண்டிய நீளத்தில் கத்தி அதை வெட்டும். உலை இல்லை, சூடு இல்லை, சம்மட்டி அடியும் இல்லை. உருக்காலையில் பழுக்கக் காய்ச்சிய எஃகை உருளைகளுக்கிடையே நசுக்கி மெலியச் செய்வார்களே, அது வேறு தொழில். அங்கே உருளை நசுக்குகிறது. இங்கே உருளை வளைக்கிறது. தகட்டின் கனம் ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

வளைப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு வெள்ளைத் தாளை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிப் பாருங்கள். தலை தொங்கிப் போகும். அதே தாளை விசிறிபோல் மடித்து நீட்டுங்கள், நிமிர்ந்து நிற்கும். தாள் கூடவில்லை, எடை ஏறவில்லை, வடிவம் ஒன்றே மாறியது. இந்தச் சிறிய உண்மையை இரும்புத் தகட்டிற் செய்து காட்டி, 1829இல் நெளிதகட்டுக்குக் காப்புரிமை பெற்றார் இலண்டன் துறைமுகக் கம்பெனியின் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர். உலகெங்கும் ஏழைகளின் வீட்டுக்குக் கூரையாய் வந்த தகரம் அங்கிருந்து புறப்பட்டதுதான்.

இனி, அப்பா செய்யும் வேலையின் உள்ளே சற்றுப் புகுவோம். ஒரே அடியாக வளைத்துவிட்டால் என்ன? பதினைந்து ஸ்டாண்டு எதற்கு? பள்ளியில் படிக்கும்போது அப்பாவிடம் இதைக் கேட்டேன். “அவசரப்பட்டா ஓரம் அலை அடிக்கும், கண்ணு” என்றார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. பௌதிகம் படிக்க வந்தபிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

50 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓரத்தை நேர்செங்குத்தாகத் தூக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுப்பகுதி நேராகப் போகிறது. ஓரமோ முன்னே போய்க்கொண்டே மேலேயும் ஏறுகிறது. ஆகவே ஓரம் நடக்கும் வழி சற்று நீளம். இந்த ஏற்றத்தை ஒரு மீட்டர் தூரத்துக்குள் முடித்தால், குறைந்த அளவாகப் பார்த்தாலும் ஓரம் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் கூடுதலாக நீள வேண்டும். சாதாரண எஃகு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 1.25 மில்லிமீட்டர் வரைதான் நீண்டு, விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்குமேல் நீண்ட ஓரம் நீண்டதுதான். நடுவோடு அது இனிப் பொருந்தாது. மிஞ்சிய நீளம் போக்கிடமின்றி அலை அலையாய்ச் சுருங்கும். அதே ஏற்றத்தை இரண்டு மீட்டர் தூரத்துக்குப் பரப்பினால் நீட்சி ஏறத்தாழ 1.25 மில்லிமீட்டர், தாங்கும் எல்லையோ 2.5. ஓரம் அலை அடியாது. எஃகு வன்மையால் வளைவதில்லை, பொறுமையால் வளைகிறது. பெரிய எழுத்தில் எழுதி வகுப்பில் மாட்டவேண்டிய பாடம் இது. அப்பா ஒரே வாக்கியத்திற் சொன்னதை நான் அரைப் பக்கக் கணக்காகச் செய்தேன், அவ்வளவுதான் வேறுபாடு.

இன்னொன்றும் உண்டு. எஃகு பழைய நிலையை எளிதில் மறப்பதில்லை. 90 பாகைக்கு வளைத்து விட்டால், உருளையை விட்டு வெளியே வந்ததும் மெல்லப் பின்வாங்கும். எனவே கடைசி உருளைகளில் 92, 93 பாகை வரை கூடுதலாக வளைத்து, அது பின்வாங்கி 90இல் வந்து நிற்குமாறு செய்வார்கள். வலிமை மிகுந்த எஃகு இன்னும் அதிகமாகப் பின்வாங்கும். ஒரே ஆலையிலிருந்து வரும் இரண்டு சுருள்கள்கூட ஒன்றுபோல் இரா. கனம் இம்மியளவு மாறும், கடினம் மாறும். நேற்று சரியாய் வந்த சட்டம் இன்று முறுக்கிக்கொண்டு வரும். அப்போது செட்டர் பில்லர் கேஜை எடுத்து உருளைகளின் இடைவெளியை அளப்பார். எந்த ஸ்டாண்டு குற்றவாளி என்று கண்டுபிடித்து, அங்கே ஒரு ஷிம் வைப்பார் அல்லது எடுப்பார். இதைத் திறமை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இந்தத் திறமை எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? எந்திரத்தோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பங்கு இருக்கிறது. மீதிப் பங்கு, எங்கள் பட்டறையைப் பொறுத்தவரை, அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. எண்ணெய் ஊறிய அட்டை போட்ட சின்ன நோட்டு. முழுவதும் தமிழ். “சுருள் கடினம், பத்தாம் ஸ்டாண்டு, மேல் ரோலுக்கு ஒரு ஷிம் கூட்டு.” “ஓரம் அலை அடித்தால் கடைசி ஸ்டாண்டைத் தொடாதே. முன்னால் போய்ப் பார்.” இப்படி இருபத்தாறு ஆண்டுகள். ஒரு பக்கத்தில், தட்டைத் தகடு படிப்படியாக வடிவம் பெறுவதை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடு போட்டு வரைந்திருக்கிறார். விரியும் இதழ்கள் போல இருக்கும் அந்தப் படத்துக்குப் பொறியாளர்கள் உலகெங்கும் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘மலர்’! நம் மலரில் அந்த மலருக்கு இடமில்லை என்று சொன்னால் நியாயமாகுமா?

இவ்வளவும் வியப்புக்காக எழுதியிருந்தால் இத்துடன் நிறுத்தியிருப்பேன். நிறுத்த முடியாததற்குக் காரணம் உண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் விழுப்புரம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் அந்தப் பட்டறைக்கு உதவியாளாக வந்தான். வயது பத்தொன்பது. பத்தாவது வரை தமிழிற் படித்தவன். வந்து ஒரு மாதமாகவில்லை. ஒரு நாள் மதியம், ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தின் உருளையில் ஒட்டிய பிசுக்கை, கையில் வைத்திருந்த காட்டன் வேஸ்ட்டால் துடைக்கப் போனான். தகடு உள்ளே நுழையும் பக்கம் அது. நூல் உருளையிற் சிக்கியது. நூலைத் தொடர்ந்து கை.

இங்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். நிமிடத்துக்கு 15 மீட்டர் வேகத்தில் ஓடுவது இந்த எந்திரத்துக்கு மெதுவான ஓட்டந்தான். அதாவது நொடிக்கு 25 சென்டிமீட்டர். ஆபத்தைக் கண்டு கையை இழுக்க மனிதனுக்குக் கால் நொடியாவது வேண்டும். அந்தக் கால் நொடியில் உருளை ஆறு சென்டிமீட்டர் இழுத்துவிடுகிறது. ஆறு சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு விரலின் நீளம்.

அப்பா ஓடிப்போய் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். அவனுடைய இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது.

அந்த எந்திரத்துக்கு வேலி இருந்தது. கழற்றிச் சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. வேலி இருந்தால் வேலை தாமதமாகிறதாம். முதற்குற்றம் அதுதான், அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் எச்சரிக்கைப் பலகையும் இருந்தது. “எந்திரம் ஓடும்போது உருளையைத் துடைக்காதே” என்று மராட்டியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருந்தது. அவனுக்கு இரண்டும் படம் பார்ப்பது போலத்தான். அதே வாக்கியம் அப்பாவின் நோட்டில் முதற்பக்கத்தில், நல்ல தமிழில், கோடிட்டு எழுதப்பட்டிருக்கிறது. நோட்டு அப்பாவின் பையில் இருந்தது.

அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. “எப்படித் துடைக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். எப்பத் துடைக்கக் கூடாதுன்னு சொல்லாம விட்டுட்டேனே, கண்ணு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போகையில் அந்தப் பலகையைப் பலமுறை பார்த்திருக்கிறேன், படித்திருக்கிறேன். எனக்கு அதில் இருந்த இரண்டு மொழியும் தெரியும். அதில் இல்லாத மூன்றாவது மொழியும் தெரியும். அதன் அடியில் ஒரு வரி எழுதலாம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அப்பாவின் வருத்தத்தைக் காட்டிலும் என்னைச் சுடுவது இதுதான்.

சட்டம் என்ன சொல்லிற்று என்று பின்னர் தேடிப் படித்தேன். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆபத்தான எந்திரப் பகுதிகளுக்கு வேலி வேண்டும் என்று 21ஆம் பிரிவிலும், ஆலையில் வைக்கவேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் அங்குள்ள தொழிலாளருட் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருக்கவேண்டும் என்று 108ஆம் பிரிவிலும் விதித்தது. 2020இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டம் இன்று அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் அந்தப் பழைய பிரிவில் ‘பெரும்பாலோர்’ என்ற சொல்லைக் கண்டபோது என் கண் அங்கேயே நின்றுவிட்டது. எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ஆயினும், ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைப்பவன் எங்கும் சிறுபாலோரில் ஒருவனாகத்தானே இருப்பான்? பெரும்பாலோர் படிக்கும் பலகை அவன் விரலைக் காக்குமா?

இதைத் தமிழருக்கு மட்டும் உரிய குறையாக நான் பேசவில்லை. அப்படிப் பேசினால் அது பாதி உண்மையே ஆகும். இன்று கோவையிலும் திருப்பூரிலும் ஓசூரிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் எந்திரங்களின் முன் நிற்கிறார்கள். அங்கே தமிழ்தான் பெரும்பாலோர் மொழி. அவர்களுக்குத் தமிழ்ப் பலகை படம் பார்ப்பது போல. இங்கே நமக்கு நேர்ந்தது அங்கே நம்மவர் கண்முன் அவர்களுக்கு நேரக்கூடும். இரண்டு பக்கத்தையும் அறிந்தவர்கள் யார்? நம்மைப்போல வெளியூரிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகள்தாம்.

“வந்த ஊரின் மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே?” என்று சிலர் கேட்பார்கள். கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். என் தந்தை மராட்டியில் பேரம் பேசுவார். பஜனையில் அபங்கமும் பாடுவார். ஆனால் அதற்கு அவருக்கு ஆண்டுகள் ஆயின. மொழி கற்க ஆண்டுகள் வேண்டும். விரல் போகக் கால் நொடி போதும். கற்று முடிக்கும்வரை கை பிழைத்திருக்க வேண்டாமா?

“இனி எல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும், செட்டரின் நோட்டு எதற்கு?” என்று வேறு சிலர் கேட்பார்கள். உண்மையே, உருளைகளின் மலரை இன்று கணினியிலேயே வரைந்து, எஃகு எங்கே நீளும், எங்கே பின்வாங்கும் என்று முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். அந்தக் கலையை நாம் கற்கவேண்டும். ஆனால் கணினிக்குச் சொல்லப்பட்ட எஃகு ஒன்று. லாரியில் வந்து இறங்கும் எஃகு ஒன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இன்றும் ஒரு ஷிம்மோடு குனிந்து சரிசெய்பவன் மனிதன்தான். கணக்கும் கையும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதால் யாருக்கு இலாபம்?

ஆண்டுதோறும் பொங்கல் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். ‘அறிவியல் தமிழ் வளர்க’ என்று மேடையில் முழங்குகிறோம், கைதட்டுகிறோம். இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொங்கல் விழாவில் முதல் வரிசையில் நின்று கரும்பு கடிப்பவன் நான். ஆனால் அறிவியல் தமிழ் நம் மேடையைத் தேடி வரவேண்டியதில்லை. அது போசரியில் எண்ணெய்க் கறையோடு ஒரு சட்டைப் பையிற் கிடக்கிறது. நாம்தான் அதைத் தேடிப் போகவேண்டும்.

என்ன செய்யலாம்? என் கருத்தை மூன்றாகச் சொல்கிறேன். முதலாவது, நம் மலரின் ஒவ்வோர் இதழிலும் ஒரு பக்கம், இந்நகரில் உழைக்கும் தமிழர் ஒருவரின் தொழிலறிவுக்கு ஒதுக்குவோம். அவர் சொல்ல, நாம் எழுதுவோம். அவர் வழங்கும் சொல்லையே வைப்போம். ஷிம்முக்கும் ஸ்டாண்டுக்கும் நாம் புதுப்பெயர் சூட்டி அவரையே திகைக்க வைக்கவேண்டாம். இரண்டாவது, எந்திரத்தில் ஒட்டத்தக்க ஓர் அட்டை அச்சிடுவோம். பத்து வாக்கியங்கள் போதும், பக்கத்தில் படம். ‘வேலியைக் கழற்றாதே. எந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் துடை. தளர்ந்த சட்டை, துண்டு, கையுறையோடு ஓடும் உருளையருகே போகாதே.’ இப்படிப் பத்து. தமிழில் நாம் எழுதுவோம்; மூத்த செட்டர்கள் சரிபார்க்கட்டும். மூன்றாவது, நம் விடுதியிலேயே ஒடியா பேசுவோரும் போஜ்புரி பேசுவோரும் வங்காளம் பேசுவோரும் இருக்கிறார்கள். அதே அட்டையை அவரவர் மொழியில் எழுதித் தரச்சொல்லி, தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்கு அனுப்புவோம். அதைக் காட்டிலும் நல்ல பொங்கல் வாழ்த்து எனக்குத் தெரியவில்லை.

அட்டை ஒட்டிவிட்டால் வேலி தானாக ஏறிவிடாது என்பதை அறிவேன். முதலாளி செய்யவேண்டியதை மாணவன் செய்துவிட முடியாது. ஆனால் ‘வேலி இல்லாமல் ஓட்டக் கூடாது’ என்று தன் மொழியிற் படித்தவன், வேலி எங்கே என்று கேட்பான். கேள்வி பிறந்தால் பாதி வழி கடந்தாயிற்று.

அந்த விழுப்புரத்து இளைஞன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டான். தீபாவளிக்கு அப்பாவுக்குத் தொலைபேசியிற் பேசினான். பிடிக்கத் தெரிந்துவிட்டதாம் பேனாவை. கையெழுத்துத்தான் இன்னும் கோணலாய் வருகிறதாம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அப்பா தாமாகவே அந்த நோட்டை என்னிடம் தந்தார். இருபத்தாறு ஆண்டுகளாக வேறொருவர் கையிற் கொடாத நோட்டு. “எழுத்துப் பிழை இருந்தா திருத்திக்க. உங்க புத்தகத்துல போடு” என்றார். அவருக்கு இப்போது வயது ஐம்பத்தொன்று. ஐம்பதில் வளையுமா என்று இனி அவர் என்னைக் கேட்க முடியாது!

அவர் வளைந்துவிட்டார். நாம்? வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சங்க அறையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். தகரத்துக்கு என்ன வேலை என்று கேட்ட நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். படம் வரையத் தெரிந்தவர்கள் இருவர் வேண்டும். வாருங்கள்.